ஒருவர் மனமும் நோகாத பட்டியல்

எங்கள் நகர் வாசகர் வட்டத்தின் தேர்வுக் குழு இந்த ஆண்டுக்கான புத்தகப் பட்டியலை ஒரே மாலையில் முடித்துக் கொடுத்துவிட்டது. ஐந்து பேர், ஒரு தட்டு பஜ்ஜி, ஒன்றரை மணி நேரம். வாக்கெடுப்பு இல்லை, குரல் உயரவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. தண்ணீர் லாரிக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் கூட்டம் மேல் கூட்டம் போட்டும் முடிவுக்கு வராத நலச்சங்கம் எங்களுடையது. அங்கே உட்கார்ந்து, அச்சில் வந்த அத்தனை புத்தகங்களிலிருந்தும் ஓராண்டுக்கானதைப் பொறுக்கி எடுத்து, ஒருவர் முகமும் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது சாதாரண வேலையா? இதை நாலு பேர் அறியச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. இருநூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகம் வேண்டாம். அலுவலகம் போய்க் களைத்து வருகிறவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்துப் போட்ட விதி இது. அதனால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ விடுபட்டது. போர்க்கால மெடானிலும் பினாங்கிலும் நம் ஊர்க்காரன் ஒருவன் எப்படி அலைந்தான் என்று தமிழில் அதைப்போல் இன்னொன்று எழுதப்படவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற பரதவர் வாழ்க்கையைப் பேசும் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ விடுபட்டது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டுவதால் அதன் பெயரைச் சொல்லவே யாருக்கும் வாய் வரவில்லை. உறுப்பினர்களின் கழுத்தும் கண்ணும் காப்பாற்றப்பட்டன.

ஆனால் குழு விதியை விதியாகவே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. படமாக வந்த நாவல் என்றால் பக்கக் கணக்குப் பார்ப்பதில்லை என்ற தாராளம் அவர்களிடம் இருந்தது. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகமாக விரிந்த ‘பொன்னியின் செல்வன்’ ஜனவரிக்கு. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிப்ரவரிக்கு. ஜூனில் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’, ஜூலையில் ‘மோகமுள்’, ஆகஸ்டில் பூமணியின் ‘வெக்கை’, செப்டம்பரில் ‘தில்லானா மோகனாம்பாள்’. பாதி ஆண்டு இப்படியே நிறைந்துவிட்டது. படத்தைப் பார்த்தவர் எவரும் கூட்டத்துக்கு வரலாம், தாராளமாகப் பேசலாம், புத்தகத்தைத் தொடவில்லையே என்று கூச வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதை எங்கள் வட்டம் அளவுக்குக் கடைசிவரை கொண்டுபோய் நிறைவேற்றியவர்கள் இருப்பார்களா தெரியாது.

ஜனவரிக் கூட்டத்தில் அதைக் கண்ணால் கண்டோம். அரங்கு நிறைந்திருந்தது. வந்தியத்தேவன் வேடம் பொருந்தியதா, நந்தினிக்கு இன்னும் கொஞ்சம் காட்சி இருந்திருக்கலாமா என்று எல்லாரும் பேசினார்கள். வழக்கமாக வாய் திறக்காதவர்கள்கூடப் பேசினார்கள். ஜூன் மாதமும் இப்படித்தான் நடக்கும் என்று நம்புகிறேன். ‘முள்ளும் மலரும்’ நாவலில் காளியின் கை போவது புலியால். மகேந்திரனின் 1978 படத்தில் லாரியால். அந்த வேறுபாட்டைச் சொல்லி ஒருவர் கூட்டத்தைக் குழப்புவார் என்ற அச்சம் வேண்டாம். ‘வெக்கை’யும் அப்படியே. 2019-இல் வந்த ‘அசுரன்’ படத்தின் நீண்ட முன்கதைதான் எல்லார் நெஞ்சிலும் நிற்கிறது. 1982-இல் வந்த நாவலின் பெரும்பகுதியோ, கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் அப்பாவும் காட்டிலும் மலையிலும் பதுங்கித் திரியும் நாட்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் திட்டாமல், தேற்றவும் தெரியாமல், பக்கத்திலேயே இருப்பதை அவ்வளவு குறைந்த சொற்களில் எழுதியவர்கள் தமிழில் மிகச் சிலர். ஆகஸ்ட் கூட்டத்தில் அந்த அப்பனைச் சந்திக்க வேண்டிய அவசியம் யாருக்கும் நேராது.

நாள்காட்டியை மதிக்கும் குணமும் இந்தக் குழுவுக்கு உண்டு. மார்ச்சில் மகளிர் தினம், ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்த நாள். இரண்டுக்கும் பொருத்தமாகப் புத்தகம் வைக்கவேண்டும் என்று யாரும் கேட்காமலே எடுத்துச் சொன்னார் செயலாளர். மார்ச்சுக்குப் பாமாவின் ‘கருக்கு’ என்று முடிவானது. 1992-இல் வந்த புத்தகம். கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வந்த ஒரு பெண், தன் தெருப் பேச்சிலேயே தன் வாழ்க்கையை எழுதியது. எழுதியவர் பெண்ணாகவும் தலித்தாகவும் இருந்ததால் ஒரே புத்தகத்தில் இரண்டு கடமையும் முடிந்து, ஏப்ரல் மாதம் மிச்சமாயிற்று. அந்த மாதத்தை மாடித்தோட்டக் கையேடு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். மே மாதம் பிள்ளைகளின் விடுமுறை, டிசம்பர் கச்சேரி சீசன், இரண்டும் விடுப்பு. அக்டோபருக்குச் ‘சத்திய சோதனை’. பாதி வீடுகளில் அது ஏற்கெனவே அலமாரியில் இருப்பதால் செலவில்லை. நவம்பருக்கு அந்த ஆண்டின் தீபாவளி மலர்.

பெண்களுக்கு ஒரு முழு மாதம் தந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அது முப்பத்தொரு நாள் உள்ள மாதமும்கூட. மற்ற மாதங்களில் இடம் தேடினால் ராஜம் கிருஷ்ணன் வந்து நிற்பார். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினாரே அவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமையானவை, காசில்லாமல் மின்னூலாகவே படிக்கலாம். ஹெப்சிபா ஜேசுதாசனும் வந்து நிற்பார். 1964-இல் வந்த அவருடைய ‘புத்தம் வீடு’ குமரி மாவட்டத்துப் பனைவிளைகளுக்கு நடுவே ஒரு பெண் தன் விருப்பத்தைச் சொல்லக் காத்திருக்கும் கதை. சின்ன நாவல்தான், பக்க விதிக்குள் அடங்கும். ஆனால் யாரும் பார்த்த படம் அல்ல. குழு தன் வழியில் உறுதியாக நின்றது. ஈழத்திலிருந்து ஒன்று, வேறு மொழியிலிருந்து ஒன்று என்று கேட்டு யாரும் அவர்களைச் சங்கடப்படுத்தவுமில்லை.

பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற பண்பு அவர்களிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்த தலைமுறை. ‘பொன்னியின் செல்வ’னை மணியத்தின் ஓவியங்களோடு வாரா வாரம் காத்திருந்து படித்தவர். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று வீடு முழுக்கப் பதறியதை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும் நாளில் அவரைக் கீழே இறங்கி வரச் சொல்லி அலைக்கழிக்கவில்லை குழு. மேலே போய் அவர் அமைதியைக் கெடுக்கவும் இல்லை. தெருக்கோடியில் கிளை நூலகம் இருக்கிறது. சொத்து வரியோடு நாங்கள் எல்லாரும் நூலக வரியும் கட்டுகிறோம். எந்தப் புத்தகம் அதிகம் எடுக்கப்படுகிறது, எது பல ஆண்டாகத் திறக்கப்படவே இல்லை என்பதெல்லாம் அங்கிருக்கும் நூலகருக்கு மனப்பாடம். அவரையும் ஒரு கேள்வி கேட்டுச் சிரமப்படுத்தவில்லை. சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து கடைகளைப் பிரித்த பிறகுதான் பட்டியல் வெளிவந்தது. அதனால் கூட்ட நெரிசலில் யாரும் மிதிபடவில்லை, பத்து சதவீதத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுக் கூடுதலாக நாலு புத்தகம் வாங்கிவிடும் ஆபத்தும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேல் நான் வைப்பது அவர்கள் காத்த அமைதியை. சர்ச்சை வரும் புத்தகம் வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். ஒரே சுவரை நடுவில் வைத்து வாழும் குடும்பங்கள் புத்தகத்தால் பிரியக் கூடாது என்ற கவலை நியாயமானது. நானும் அதே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள்தான்.

அந்தக் கவலையோடு அவர்கள் பிப்ரவரிக்கு வைத்த புத்தகத்தைப் பாருங்கள். 1966-இல் ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள்; அவளைப் பெற்றவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். படித்தவர்கள் கொதித்தார்கள். எப்படி ஒரு தாய் இப்படிச் செய்யலாம் என்று வீட்டுக்கு வீடு வழக்கு நடந்தது. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஜெயகாந்தன் யோசித்துப் பார்த்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல், 1977-இல் லட்சுமி நடித்து வந்த படம், எல்லாம் அந்தச் சண்டை பெற்ற பிள்ளைகள். வாசகர்கள் அன்று சும்மா இருந்திருந்தால் அந்த நாவலின் நாயகி கங்கா பிறந்திருக்கவே மாட்டாள்.

அப்படி ஒரு புத்தகத்தை, சர்ச்சையே வராது என்ற முழு நம்பிக்கையோடு பட்டியலில் சேர்க்கும் துணிவு இந்தக் குழுவுக்கு இருந்தது. அதற்காகவே அவர்களை இன்னொரு முறை பாராட்டிவிட்டு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறுகதை என்னிடம் இருக்கிறது, நீளமானது அல்ல. பிப்ரவரிக் கூட்டத்தில் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் அதை நான் உரக்க வாசிக்க அனுமதிக்கவேண்டும். மூன்றாவது மாடிப் பாட்டியைக் கைபிடித்து இறக்கி அழைத்துவருவது என் பொறுப்பு, நூலகரிடமும் சொல்லியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் அந்த அம்மா செய்தது சரியா என்று எல்லாரையும் கேட்பேன். அதற்குப் பிறகும் கூட்டம் அமைதியாக நடக்கும் என்று மட்டும் என்னால் உறுதி தர முடியாது.