மருமகன் வண்டி ‘சிக்குச் சிக்கு’ங்குது

வாய்யா மருமகனே, வா. தெருமுக்குல திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு, வர்றது நீதான்னு. ஆரனும் அடிக்கலை, பாட்டும் போடலை. ஆனா பானெட்டுக்குள்ள இருந்து ‘சிக்குச் சிக்கு, சிக்குச் சிக்கு’ன்னு ஒரு தாளம். போடி லைன்ல மறுபடி கரி எஞ்சின் விட்டுட்டானோன்னு உங்க அத்தைகூட வாசலுக்கு வந்து பாத்துட்டுப் போனா.

வண்டி சோக்காத்தான் இருக்கு. மேல நாலு விளக்கு, முன்னாடி வின்ச், என் இடுப்பு உசரத்துக்கு டயரு. கொழுக்குமலைக்கு ஏறணும்னா இதெல்லாம் வேணும்னு உனக்கு யாரோ ஓதியிருக்காக. சூரியநெல்லியில இருந்து தினமும் ஆளேத்திக்கிட்டு மேல போறானே, அந்த ஜீப்புக்காரப் பய வண்டியைப் பாத்திருக்கியா? கதவுக்குக் கொக்கி ஒழுங்கா இருக்காது. சீட்டுல பஞ்சு தெரியும். ஆனா எஞ்சின் சத்தத்துல ஒரு மாத்தம் வந்தா அன்னைக்கே இறங்கிப் பாத்துருவான். அவனுக்கு அது சோறு. உனக்கு அது போட்டோ.

எங்க, பானெட்டைத் தூக்கு. அடேங்கப்பா! டீசல் பீச்சுற இன்ஜெக்டரைச் சுத்தி என்னய்யா இது? நம்ம ஊரு ரோட்டுல இல்லாத தாரெல்லாம் இங்கல்ல கெடக்கு!

‘ஆயில் கசிவு மாமா’ங்காதே. இன்ஜெக்டர் மூக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல, அடியில, ஒரு செப்பு வாஷர் உக்காந்திருக்கு. ஒத்த ரூவாக் காசைவிடச் சிறுசு. எஞ்சினுக்குள்ள எரியிற புகையை மேல விடாம அமுக்கிப் பிடிக்கிறது அதோட வேலை. அது தளந்துபோச்சுன்னா, பிஸ்டன் மேல வரும்போதெல்லாம் காத்து சந்து வழியாப் பீச்சும். அதான் உன் தாளம். அந்தப் புகைக்கரி வெந்து வெந்து இறுகினதுதான் இந்தத் தாரு. காலையில குளிர்ந்து கெடக்கும்போது சத்தம் நல்லாக் கேக்கும், சூடேறினா கொஞ்சம் அடங்கும். உடனே உன்னை மாதிரி ஆளுக ‘தன்னால சரியாப்போச்சு’ன்னு விசிலடிச்சுக்கிட்டுப் போயிருவாக.

நானும் அதையேதான் சொல்றேன். தொடாதே. அப்படியே விடு. எம்புட்டு மிச்சம் தெரியுமா? ஏசி போட்டா புகை வாசம் உள்ள வருதுல்ல, சாம்பிராணிச் செலவு மிச்சம். தாரு இறுகி இன்ஜெக்டர் ஹெட்டோட ஒட்டிக்கும், களவாணிப் பய வந்தாலும் கழட்ட முடியாது, பூட்டுச் செலவு மிச்சம். அடியில சூடான புகை ஹெட்டையே அரிச்சுக் குழி போட்டிரும். அப்புறம் ஹெட்டை லேத்துக்காரன்கிட்டத் தூக்கிக் கொடுத்துட்டு நீ பஸ்ஸுல போகலாம், டீசலும் மிச்சம்.

மாத்தியே தீரணும்ங்கிறியா? சரி, உக்காரு.

நான் ஓட்டின காலத்து ஜீப்பு வேற. 1979-ல மகிந்திராக்காரங்க பிரான்சு நாட்டுப் பியூஜோகிட்ட லைசென்சு வாங்கி ஒரு டீசல் எஞ்சின் செஞ்சாங்க. அந்த ரகம். இன்ஜெக்டர் நூத்திச் சொச்சம் பாருல தொறக்கும், அம்புட்டுதான். காத்துப் பிடிச்சுக்கிட்டா பைப்பு நட்டை இளக்கி விட்டுக்கிட்டே செல்ஃப் அடிப்போம். உன் வண்டி காமன் ரெயில். அழுத்தம் 1,000 பாருக்கு மேலயும் ஏறும். டயருக்கு நீ அடிக்கிற காத்து 2 பார் சொச்சம், பாத்துக்க. எஞ்சின் ஓடும்போது அந்தப் பைப்புல நட்டை இளக்குற வேலையும் வேண்டாம், கசிவு இருக்கான்னு விரலை வச்சுப் பாக்குற வேலையும் வேண்டாம். அந்தச் சன்னமான பீச்சு தோலைத் தொளைச்சு உள்ள போயிரும். வெளிய ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், வலிகூட முதல்ல இருக்காது. உள்ள சதை அழுகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கையைக் கீறிக் கழுவணும், இல்லேன்னா விரல் போயிரும். இது ஒண்ணுல மட்டும் நான் கேலி பேசலை.

கழட்டுறதுக்கு முந்தியே சுத்தம் பண்ணு. கழட்டிட்டுக் கழுவுறவன்தான் ஊருல பாதி மெக்கானிக்கு. முந்தின நாளே துரு இளக்குற எண்ணெயை இன்ஜெக்டரைச் சுத்தி விட்டு ஊறப்போடு. பைப்பைக் கழட்டினதும் வாயை மூடி வை, ஒரு மணல் துகள் போதும் இன்ஜெக்டர் காலி. நாலும் பாக்க ஒண்ணுபோலத்தானேன்னு மாத்திச் சொருகிராதே. பல வண்டியில ஒவ்வொண்ணு மண்டையிலயும் ஒரு நம்பர் பொறிச்சிருக்கும், எது எந்த சிலிண்டர்ல இருக்குன்னு பதிஞ்சு வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் அந்த நம்பரை வச்சுத்தான் டீசல் அளக்குது. உன் கல்யாணத்துல மொய் எழுதினவன் மறந்தாலும் அது மறக்காது. ஒட்டிக்கிட்டு வரலைன்னா நேரா மேல இழுக்குற சுத்தியல் புல்லர் இருக்கு. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினியோ, புது இன்ஜெக்டர் விலையைக் கடைக்காரன் சொல்லுவான். அவன் சொல்லும்போது நீ உக்காந்துக்க.

இப்பத்தான் வேடிக்கை. இன்ஜெக்டர் வெளிய வந்துரும், பழைய வாஷர் வராது. குழி அடியில கரியோட கரியாப் படுத்திருக்கும். டார்ச்சு அடிச்சுப் பாக்காம அது மேலயே புதுசை வச்சு மூடுற மகராசனெல்லாம் இருக்கான். ரெண்டு வாஷர் இருந்தா ரெட்டைப் பாதுகாப்பாம்! மூக்கு அந்த அளவுக்கு மேல ஏறிக்கும், டீசல் பிஸ்டன்ல தெளிக்க வேண்டிய எடம் மாறிப்போகும், பின்னாடி வர்றவனுக்குக் கரும்புகை அபிஷேகம். வாஷர் கனமும் கம்பெனி சொன்ன கனமாத்தான் இருக்கணும், அதுவும் இதுக்குத்தான். குழியைச் சொரண்டுறதுக்கு முந்தி கீழ் ஓட்டையைக் கிரீசு தடவின துணியால அடை, கரி உள்ள விழுந்துராம. முடிச்சதும் துணியை மறக்காம எடு. எமரி தாள் வேண்டாம், அந்தப் பொடி சிலிண்டரைத் தின்னும். குழி விழுந்திருந்தா அதுக்குன்னு இருக்குற கட்டரை வச்சுக் கையால மெதுவாச் சுத்து.

புது வாஷர் கெடைக்காத காலத்துல பழசைச் செவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டு மாட்டியிருக்கோம். அமுங்கி இறுகின செம்பு காய்ச்சினா இளகும். நூறு பாரு எஞ்சினுக்கு அது ஓடுச்சு. நீ கண்ணாடியில ஒட்டின புலி ஸ்டிக்கர் விலைகூட வராது புது வாஷர், அதுக்குப்போய் அடுப்பு மூட்டாதே. சிலிக்கான் பசையும் தடவாதே. கிளாம்ப் போல்ட்டு பல வண்டியில இழுபடுற ரகம், ஒரு தடவைக்குத்தான். புதுசு போட்டு டார்க் ரெஞ்சுல சொன்ன அளவுக்கு இறுக்கு. ‘என் கைக்கே கணக்குத் தெரியும்’னு சொல்லாதே. உன் கைக்குத் தெரிஞ்ச கணக்கைப் பத்தாங் கிளாசு மார்க்குலயே பாத்தேன்.

மேல ரப்பர் ஓ ரிங் இருந்தா அதையும் மாத்து. வெள்ளைக்காரனுக்கும் இதே பாடுதான். 1998-ல வந்த லேண்ட்ரோவர் டிடி5 எஞ்சின்ல இன்ஜெக்டர் ஹெட்டுக்குள்ளயே உக்காந்திருக்கும். அதுல ரப்பர் போனா டீசல் ஆயிலோட கலந்துரும், செம்பு போனா புகை டீசல் லைனுக்குள்ள ஏறிரும். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாத்தா அளவு கூடியிருக்கும். ஊத்தாமலே ஆயில் பெருகுதுன்னு சாமி படத்துக்குப் பூப் போட்டவன் எஞ்சினே போயிருக்கும். டீசல்ங்கிற பேருக்குச் சொந்தக்காரரான செர்மன்காரரு 1913-ல கப்பல்ல ஏறி நடுக்கடல்ல காணாமப் போனாரு. உன் பானெட்டைப் பாத்தா மறுபடியும் காணாமப் போயிருவாரு.

எல்லாம் பூட்டினதும் ஹேண்ட் பம்பை அமுக்கிக் காத்தை வெரட்டு. செல்ஃப்பை இடைவெளி விட்டு அடி, ஒரேடியாப் பிடிச்சு பேட்டரியைக் கொல்லாதே. ஓடினதும் ஒவ்வொரு இன்ஜெக்டர் அடியிலயும் சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாரு. குமிழி வரலைன்னா, மாமாதான் சொல்லிக் கொடுத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லு. வந்துச்சுன்னு வையி, செல்போன்ல பாத்துப் பண்ணேன்னு சொல்லிரு.