27-ஆம் வாய்ப்பாடு

ஆஸ்திரேலியாவில் என்ன பார்த்தீர்கள் என்று 1999-இல் கேட்டவர்களுக்கெல்லாம் ஓபரா ஹவுஸ், ஹார்பர் பிரிட்ஜ், கங்காரு என்று ஒப்பித்தேன். உண்மையில் நாங்கள் அங்கே ஊன்றிப் பார்த்தது விலைப்பட்டியல்களைத்தான். அப்போது ஆஸ்திரேலிய டாலர் ஒன்று 27 ரூபாய்ச் சில்லறை. இவர், என் கணவர், கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். பெருக்கலுக்குத் தாள் வேண்டாம். கடை வாசலில் காபி இரண்டரை டாலர் என்று எழுதியிருந்தால் ஒரு கணம் கண்ணை மூடுவார். "அறுபத்தேழரை." அத்தோடு காபி ஆசை எனக்கும் அடங்கிவிடும்.

2024-இல் மறுபடி போனோம். டாலர் 55 ரூபாய் ஆகியிருந்தது. ஆனால் இப்போது இவருக்குப் பென்ஷன் வருகிறது, மகன் சிட்னியில் சம்பாதிக்கிறான், காபி விலை ஐந்தரை டாலர் என்றாலும் குடிக்க வக்கிருக்கிறது. கண் மட்டும் பழையபடி மூடிற்று. "முன்னூத்தி ரெண்டரை." மகனுக்கு அலுத்துவிட்டது. "அப்பா, இங்க வந்து பெருக்கிட்டே இருந்தா பட்டினிதான் கிடக்கணும்."

"கிடந்திருக்கோமே" என்றார் இவர், பெருமையாக.

அந்த முதல் பயணத்துக்கு மூலதனம் சீட்டு எடுத்த பணமும் என் வளையல் இரண்டும். சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் என் சித்தப்பா மகன் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் இருந்தான். "வாக்கா, சோபா இருக்கு" என்று எழுதியிருந்தான். சோபா இருந்தது, ஓர் ஆளுக்கு. இவர் தரையில் படுத்தார். மூன்று வயது மகனை ஸ்ரீரங்கத்தில் என் அம்மாவிடம் விட்டிருந்தோம். 'இந்தியன்' படத்தில் கமல் சிட்னி, மெல்போர்ன் தெருக்களில் ஆடியதை அம்மா தியேட்டரில் பார்த்திருந்தாள். "அங்கல்லாம் ரோட்ல ஆடினா போலீஸ் பிடிக்காதா?" என்பது ஒன்றுதான் அவள் கேட்ட சந்தேகம்.

சிட்னி விமான நிலையத்தில் ஜாக்கெட் போட்ட பீகிள் நாய் ஒன்று எங்கள் பையை முகர்ந்து, அதன் எதிரே அமைதியாக உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம். புளிக்காய்ச்சல் பாட்டிலை அதிகாரி திறந்து மோந்து பார்த்தார். கண்ணில் நீர் வந்ததும் மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கறிவேப்பிலை மட்டும் குப்பைக்குப் போயிற்று. செடிகொடி நோய் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று அவர்களுக்கு அவ்வளவு பயம். இப்போதும் அதே கண்டிப்புதான், அபராதம் மட்டும் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியிருக்கிறது. சிட்னியின் வென்ட்வொர்த்வில் கடையில் கறிவேப்பிலையைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, விலை ஒட்டி வைத்திருக்கிறார்கள். திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொசுறாகக் கேட்டு வாங்கியே பழகிய மனிதர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

சாப்பாட்டுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி பூங்காக்கள். அந்த ஊர்ப் பூங்காக்களில் மின்சார பார்பெக்யூ அடுப்பு இருக்கும், பொத்தானை அழுத்தினால் இரும்புத் தகடு சூடாகும், பெரும்பாலும் காசு கிடையாது. மற்றவர்கள் அதில் சாசேஜ் சுடுவார்கள். நாங்கள் சைவம். இவர் தகட்டின்மேல் அலுமினியத் தாளை விரித்து, ஓரத்தை மடக்கி, நான் கரைத்துக் கொண்டுபோன ரவையை ஊற்றினார். முதல் தோசை தாளோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதற்குள் வெங்காயத்தைப் பாதியாக அறுத்து எண்ணெயில் தொட்டுத் தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் பரமட்டா பூங்காவில் தோசை வாசனைதான். பக்கத்து அடுப்பில் நின்ற குடும்பம் எட்டிப் பார்த்தது. அவர்கள் குழந்தைக்கு ஒன்று கொடுத்தேன், பதிலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. இவர் கண்ணை மூடினார். "லாபம்." (இப்போது மகனின் நண்பர்கள் அதே பூங்காவில் வாரக் கடைசியில் பனீர் சுடுகிறார்கள். நாங்கள் யாரும் பார்க்காத மூலையாகத் தேடிச் சுட்டோம்; அவர்கள் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள்.)

செலவில்லாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்தோம். ஹார்பர் பிரிட்ஜில் நடப்பதற்குக் காசு இல்லை. அதன் வளைவின்மேல் இடுப்பில் கயிறு கட்டி ஏற்றிவிடும் தொழில் 1998-இல்தான் தொடங்கியிருந்தது. கட்டணத்தைப் படித்துவிட்டு நடைபாதையே பாதுகாப்பானது என்று இவர் தீர்ப்புச் சொன்னார். ஓபரா ஹவுஸை வெளியில் இருந்தே மூன்று பக்கம் சுற்றினோம். 70 லட்சம் டாலரில் கட்டி முடிப்பதாகத் தொடங்கி, 10 கோடியே 20 லட்சத்தில் 1973-இல் திறந்த கட்டடம் அது. பணத்துக்கு 1957-லிருந்து லாட்டரி நடத்தினார்கள். வடிவமைத்த டென்மார்க்காரர் யோர்ன் உட்சன் 1966-இல் மனம் கசந்து வெளியேறியவர், முடிந்த கட்டடத்தைக் கடைசிவரை வந்து பார்க்கவே இல்லை. பட்ஜெட்டை மீறியவர்களின் கதை என்றால் இவருக்கு நெய்ச்சோறு. இதை எத்தனை தடவை வகுப்பில் சொல்லியிருப்பாரோ.

எனக்குப் பிடித்தது ஹைட் பார்க்கின் மூலையில் நிற்கும் பீரங்கி. எம்டன் கப்பலின் பீரங்கி! 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டுப் பட்டணத்தையே காலிசெய்ய வைத்த அதே எம்டன். நவம்பரில் 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதைக் கோகோஸ் தீவருகே அடித்து நொறுக்கியது. எங்கள் வீட்டில் என் மாமனாருக்கே எம்டன் என்றுதான் பெயர். அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டபோது இவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

மெல்போர்னுக்கு ராத்திரி பஸ். பகலில் போனால் ஊர் பார்க்கலாம். ராத்திரி போனால் ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம். எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. குளிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கியவளை ஆல்பரிக்கு முன்னால் இவர் உலுக்கி எழுப்பினார். "ஏம்மா, வெளிய பாரு, கப்பல்." கனவு காண்கிறார் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே, புல்வெளியில், தெருவிளக்கு வெளிச்சத்தில் கறுப்பாக நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று படுத்திருந்தது. கடல் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஊர் பெயர் ஹோல்புரூக். முன்பு ஜெர்மன்டன் என்று இருந்ததாம். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் கசந்துபோக, துருக்கிப் போர்க்கப்பலை மூழ்கடித்த நீர்மூழ்கித் தளபதி ஒருவரின் பெயரை 1915-இல் வைத்துக்கொண்டார்கள். அந்த நன்றிக்கு 1997-இல் ஓட்வே என்ற பழைய நீர்மூழ்கியின் மேற்பாகத்தை வாங்கி ஊருக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். இந்த முறை மகன் காரில் அதே ஹ்யூம் நெடுஞ்சாலையில் கூட்டிப்போனான். 2013-இல் புறவழிச்சாலை வந்துவிட்டது. கார் ஊருக்குள் நுழையாமலே தாண்டிற்று. "கப்பல் எங்கடா?" என்று இவர் கேட்க, "ரோட்ல எப்படிப்பா கப்பல் வரும்?" என்றான் மகன். திரும்பிப் போய்க் காட்டு என்று இவர் பிடிவாதம் பிடித்ததில் பெட்ரோல் செலவு தனி. அதை மட்டும் பெருக்கவில்லை.

மெல்போர்னில் விடுதி. எட்டுப் பேர் படுக்கும் அறையில் அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை. அங்கே ஓர் அலமாரியில் 'இலவசம்' என்று எழுதியிருக்கும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் மிச்சம் வைத்த அரிசி, எண்ணெய், பாஸ்தா எல்லாம் அதில் சேரும். யார் எப்போது காலி செய்கிறார்கள் என்று இவர் காலை மாலை கண்காணித்தார். விக்டோரியா மார்க்கெட்டுக்கு ஞாயிறு மதியம் கடை கட்டும் நேரமாகப் பார்த்துப் போவோம், "பை ஒரு டாலர்!" என்று கூவுவார்கள், திராட்சை கனத்தில் கை வலிக்கும். நகரைச் சுற்றும் பழைய மரூன் நிற டிராம் இலவசம். அதில் ஏறி உட்கார்ந்தால் குளிருக்கு இதமாக இருக்கும் என்பதால் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் கடிகாரங்களை அநேகத் தடவை பார்த்தோம்.

கடைசி நாட்களில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எங்களைக் கோயிலில் பார்த்து, கேட்காமலே வீட்டுக்குக் கூட்டிப்போனார். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பம். இடியப்பமும் சொதியும் வைத்தார். விடுதி வாடகை விஷயம் தெரிந்ததும், "என்ன விசர்க் கதை, இஞ்ச நில்லுங்கோ" என்றார். காசு கொடுக்க இவர் பர்ஸைத் தொட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, என் கணவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கணக்குப் போடாமல் ஒன்றை ஏற்றுக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 2021 கணக்கெடுப்பில் 95,000 பேருக்கு மேல். இந்த முறை மகனைக் கேட்டேன், கோயிலில் பார்த்த யாரையாவது வீட்டுக்குக் கூட்டி வருவாயா என்று. "ரெண்டு நாள் முன்னாடியே மெசேஜ் பண்ணிட்டுத்தாம்மா இங்க யாரும் வருவாங்க" என்றான்.

போன் கதை வேறு. சுரண்டி எண் எடுக்கும் கார்டு வாங்கி, பொதுத் தொலைபேசியில் நின்று ஸ்ரீரங்கத்தைப் பிடிப்போம். அம்மா பிள்ளையிடம் ரிசீவரைக் கொடுப்பாள். அவன் பேசமாட்டான். மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். "சொல்லுடா கண்ணா, சொல்லுடா" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, அவன் சும்மா இருந்தே கார்டைத் தீர்ப்பான். இப்போது டெல்ஸ்ட்ராவின் பொதுத் தொலைபேசிகளில் ஆஸ்திரேலியாவுக்குள் பேச 2021 ஆகஸ்ட்டிலிருந்து காசே கிடையாது. இவர் அதை நம்பவில்லை; பரமட்டாவில் ஒரு கூண்டுக்குள் போய், பக்கத்தில் நின்றிருந்த மகனுக்கே போட்டுப் பார்த்தார். மகன் எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றான். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

1999-இல் திரும்பும்போது ஆளுக்கு 20 கிலோதான் அனுமதி. தர்மக் கடையில் வாங்கிய கம்பளி ஜாக்கெட்டுகள் பெட்டிக்குள் அடங்காததால் மேலே மேலே போட்டுக்கொண்டோம். மெல்போர்னில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இறங்கியது சென்னையில், மே மாதக் கத்திரி வெயிலில். டாக்சிக்காரர்களைக் கும்பிட்டு விலக்கி, சாலையைத் தாண்டித் திருசூலத்தில் மின்சார ரயில் பிடித்து, எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். பரிசாகக் கொண்டுவந்தது யூகலிப்டஸ் தைலம், உறவுக்கெல்லாம் ஆளுக்கொரு குப்பி. "ஊட்டியில கிடைக்கிறதுதானே?" என்றார் எம்டன். ஊட்டிக்கு அந்த மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான் என்று யார் அவரிடம் போய்ச் சொல்வது? மகன் என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

இந்த முறை வரி திரும்ப வாங்கும் வரிசை. முதல் பயணத்தில் அந்த நாட்டில் ஜிஎஸ்டியே இல்லை, 2000 ஜூலையில்தான் வந்தது. ஒரே நிறுவனத்திடம் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் விமான நிலையத்தில் பதினொன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள். எங்கள் பில் 270-இல் நின்றிருந்தது. இவர் மறுபடி அதே கடைக்குப் போய், யாருக்கும் தேவைப்படாத விட்டமின் மாத்திரை 30 டாலருக்கு வாங்கி 300 ஆக்கினார். திரும்பக் கிடைத்தது 27 டாலர் சொச்சம். வணிகவியல் வாத்தியார்தான். விமானம் ஏறும்வரை முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

சிங்கப்பூர் வழியாக நேராகத் திருச்சியிலேயே இறங்கிவிட்டோம். புது முனையம், சுவரெல்லாம் ஓவியம். பெட்டியைப் பிரிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார், முகம் வாடி. இந்திய இளைஞர்கள் ஓராண்டு ஆஸ்திரேலியாவில் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று ஒரு விசா வந்திருக்கிறதாம். ஆண்டுக்கு 1,000 பேர், குலுக்கல், பெயர் கொடுக்க 25 டாலர். அவர் மகனுக்கு அதில் போக ஆசை. "இன்ஜினியரிங் முடிச்ச பையன் சார். தோட்டத்துல பழம் பறிப்பானாம், எட்டுப் பேர் ரூம்ல படுப்பானாம், ராத்திரி பஸ்ல போவானாம். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

இவர் எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து 1999 கணக்கு நோட்டை எடுத்து வந்தார். திராட்சை 1 டாலர், டே டிரிப்பர் டிக்கெட், போன் கார்டு, ரவை, அலுமினியத் தாள்: ஒவ்வொன்றுக்கும் எதிரே 27-ஆல் பெருக்கிய தொகை. பையன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். அவன் அப்பா வெலவெலத்துப் போனார்.

"அங்கிள், செம! இது அப்படியே கன்டென்ட். வீடியோவாப் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும், காசு கூட வரும்."

இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எதுல தருவாங்க தம்பி? அமெரிக்க டாலரா, ஆஸ்திரேலிய டாலரா?"