கன்னி மூலைக் கச்சேரி

புது வீடு பார்க்க வருகிறவர்களில் பல ரகம் உண்டு. தரையைத் தேய்த்துப் பார்த்து டைல்ஸ் விலை கேட்பவர் ஒரு ரகம். பாத்ரூம் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பவர் இன்னொரு ரகம். நம்மவர் எதிலும் சேர்த்தியில்லை. ஹாலுக்குள் வந்ததும் நான்கு மூலைகளையும் நிதானமாகப் பார்ப்பார். பிறகு நட்டநடுவில் நின்று ஓங்கி ஒரு கை தட்டுவார். கொசு அடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்காரர் சங்கடப்படுவார். "ரூம் அருமை சார். ஆனா நல்ல மூலையில போய் ஃபிரிட்ஜை வச்சுக் கெடுத்துட்டீங்க" என்று வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் காபியை வாங்கிக்கொள்வார்.

கல்யாண வீட்டிலும் அப்படித்தான். எல்லோரும் பந்தியைப் பார்த்து நடக்கும்போது இவர் மேடை ஓரத்துக்குப் போய், அங்கே நிற்கும் கறுப்புப் பெட்டியை, பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி விரலை மடக்கித் தட்டிக் காது கொடுப்பார். மைக்செட் பையனிடம், "தம்பி, டிரைவர் பதினஞ்சா, பதினெட்டா?" என்பார். "டிரைவர் அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு சார், நாப்பது வயசு இருக்கும்" என்று அவன் பதில் சொல்வான். இவர் கேட்டது உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் அகலத்தை, அங்குலக் கணக்கில்.

வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பாக இந்த நோய் முற்றுகிறது என்பது என் கணிப்பு. இளமையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி பாகம் வாங்கி ஆம்ப்ளிஃபயர் கட்டிய பழக்கம் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் விழித்துக்கொள்ளும். விழித்ததும் அது கேட்கிற முதல் பண்டம், மூலையில் வைக்கும் கூம்பு ஒலிபெருக்கி. அதாவது ஹார்ன். அதையும் கடையில் வாங்கக் கூடாது, வீட்டிலேயே செய்ய வேண்டும்.

எதற்கு ஹார்ன் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அன்று மாலை போயிற்று. "கிராமபோன் பெட்டியில கரண்டு எங்கே இருந்தது, சொல்லுங்க பார்ப்போம்?" என்று ஆரம்பிப்பார். ஊசியோடு சேர்ந்து ஒரு சின்னத் தகடு துடிக்கிறது. தகடு தள்ளினால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். கூம்பை மாட்டினால் நழுவ வழியில்லை, துடிப்பு முழுக்கக் காற்றில் ஏறுகிறது. சாதாரண ஸ்பீக்கர் பெட்டி தனக்குக் கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைச் சத்தமாக்கினாலே அதிகம், மிச்சம் வெறும் சூடு. கூம்பு அதைப் போலப் பல மடங்கு கறக்கும். அதனால் உள்ளே இருக்கும் காகிதம் அதிகம் குதிக்க வேண்டியதில்லை. குறைவாகக் குதித்தால் குரல் கெடாது. இதுவரை அவர் சொல்வதெல்லாம் நியாயம்தான்.

அவருக்குக் குலதெய்வம் ஒருவர் இருக்கிறார். பால் கிளிப்ஷ் (1904–2002) என்ற அமெரிக்கர். சிலி நாட்டில் ரயில் எஞ்சின் பழுது பார்த்தவர், எண்ணெய் தேடும் கம்பெனியில் நிலத்தடி ஆராய்ந்தவர், போர்க்காலத்தில் அர்க்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் ராணுவத்தில் இருந்தவர். சண்டை முடிந்ததும் அந்த ஊரிலேயே தங்கி, 1946 முதல் 'கிளிப்ஷார்ன்' என்ற மூலை ஒலிபெருக்கியைச் செய்து விற்றார். அதே ஹோப்பில் அந்த ஆண்டு பிறந்த ஒரு குழந்தைதான் பின்னாளில் அதிபரான பில் கிளின்டன். நம்மவரிடம் கேட்டால், அந்த ஊரில் அந்த வருஷத்தின் பெரிய செய்தி கிளின்டன் இல்லை. இங்கிலாந்தில் பால் வாய்ட் என்பவர் 1930களிலேயே மூலைக்கென்று கூம்பு செய்திருக்கிறாரே என்று நினைவூட்டினால், "அவர் முன்னோடி, இவர் அவதாரம்" என்று முடித்துவிடுவார். கிளிப்ஷ் தன் கோட்டின் உள்மடிப்பில் மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றைக் குத்தியிருப்பார். எவராவது அளந்துவிட்டால் மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். 'சுத்தப் புளுகு' என்பதை அச்சேற்றக் கூசும் ஆங்கில வார்த்தையில் அதில் எழுதியிருக்கும். நம்மவரும் அப்படி ஒன்று செய்யக் கொடுத்திருந்தார். ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று அட்டையில் போட்ட புளூடூத் டப்பாவோடு மச்சான் மகன் வந்த அன்று அது கையில் இல்லாமல் போன வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

கிளிப்ஷின் சாமர்த்தியம் என்னவென்றால், கூம்பின் கடைசிப் பகுதியை அவர் செய்யவே இல்லை. வீட்டுச் சுவர் இரண்டும் தரையும் கூடுகிற மூலையையே கூம்பின் வாயாக்கிக்கொண்டார். இது எவ்வளவு பெரிய லாபம் என்பதற்கு நம்மவரிடம் கணக்கு இருக்கிறது. நொடிக்கு 60 அதிர்வு கொண்ட சுருதியின் ஓர் அலை 19 அடி நீளம். அதைச் சரியாக வெளியே அனுப்ப, கூம்பின் வாய்ச் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். அதாவது குறுக்கே 6 அடி. வெட்டவெளியில் வைத்தால் 28 சதுர அடி வாய். மூலையில் வைத்தால் மூன்று பக்கமும் அடைபடுவதால் எட்டில் ஒரு பங்கு போதும், மூன்றரைச் சதுர அடிதான். "இருபத்தஞ்சு சதுர அடி மிச்சம்மா! இந்த ஏரியாவுல சதுர அடி என்ன விலை தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார். இல்லாத பொருளை வாங்காமல் மிச்சம் பிடித்த கணக்கை அந்த அம்மாள் பல வருஷமாகக் கேட்டு வருகிறவர். "அப்போ அந்தக் காசுல எனக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுங்க" என்றார்.

இங்கேதான் 'சின்னது' என்ற சொல் வருகிறது. அசல் கிளிப்ஷார்ன் நாலடிக்கு மேல் உயரம், ஏறக்குறைய 80 கிலோ. நம்மவர் கட்டுவது அதன் கைக்கு அடக்கமான தம்பி, 8 அங்குல டிரைவருக்கானது. ஒலித்துறையில் ஆண்டன் ஹாஃப்மன் பெயரால் ஓர் இரும்பு விதி சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்கணும், அடிச்சுருதிவரை இறங்கணும், கொஞ்ச மின்சாரத்தில் உரக்கப் பாடணும் என்ற மூன்று ஆசையில் இரண்டுதான் பலிக்கும், மூன்றாவதைத் தலைமுழுகிவிட வேண்டும் என்பது விதி. (ஹாஃப்மன் கே.எல்.ஹெச். என்ற அமெரிக்க ஒலிபெருக்கி நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர், பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன்.) நம்மவருக்கு இந்த விதி மனப்பாடம். மூலையில் குடியிருப்பவர்களை அது கட்டுப்படுத்தாது என்பது அவர் நம்பிக்கை. நடைமுறையில் அவர் அகராதியில் 'சின்னது' என்றால், கதவைக் கழற்றினால் வாசலில் நுழையக்கூடியது.

அடுத்தது மூலை தேடும் படலம். ஹாலில் இருப்பது நாலே மூலை. ஈசானியத்தில் பூஜை அலமாரி, அதைப் பற்றிப் பேச்சே கூடாது. அக்னி மூலையில் சமையலறை வாசல். வாயு மூலையில் அம்மாளின் தையல் மிஷின். பாக்கி கன்னி மூலை, அங்கே பீரோ. வாஸ்து பார்க்கிறவரை வரவழைத்தபோது, "கன்னி மூலையில கனம் இருக்கணும். பீரோவோ வேற எதுவோ, கனமா இருந்தாச் சரி" என்று அவர் சொன்னார். வாழ்நாளில் வாஸ்துவை நம்பாத நம்மவர் அன்று அவருக்கு இரட்டைத் தட்சணை கொடுத்தார். பீரோ படுக்கையறைக்குப் போயிற்று.

ஸ்டீரியோவுக்கு இரண்டு பெட்டி வேண்டாமா என்றால், அதற்கும் சமாதானம் உண்டு. கிளிப்ஷார்ன் பிறந்தபோது ஸ்டீரியோ இசைத்தட்டே கடைக்கு வரவில்லை. அது வந்தது 1958ஐ ஒட்டி. அதுவரை ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி. நம்மவர் கேட்கிற பழைய சினிமாப் பாட்டெல்லாம் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. "ஒத்த ஸ்பீக்கர் பாட்டுக்கு ஒத்த ஸ்பீக்கர்தான் மரியாதை" என்பார், பார்வை தையல் மிஷின் மேல் இருக்க.

ஆசாரி வந்தார். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட், 18 எம்எம். வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அலமாரியா சார்?"

"இல்லப்பா."

"உள்ள தட்டு வருதே?"

"அது தட்டு இல்ல, வழி. வளைஞ்சு வளைஞ்சு போகும்."

"வழியில என்ன சார் போகும்?"

"காத்து."

ஆசாரி சற்று யோசித்து, "அட்வான்ஸ் குடுத்துருங்க சார்" என்றார்.

அந்த வழிதான் வித்தையே. தொடக்கத்தில் 32 சதுர அங்குலத் தொண்டை. ஓரடி போவதற்குள் அது 64 ஆக வேண்டும், அடுத்த அடியில் 128, பிறகு 256, கடைசியில் 512. நாலே முறை இரட்டித்தால் மூன்றரைச் சதுர அடி வந்துவிடுகிறது. நாலடி நீளும் இந்தக் கூம்பைப் பட்டையான பலகைகளால் மடித்துச் சுருட்டிப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். எந்தப் பலகைக்கும் நேர்விளிம்பு கிடையாது, எல்லாம் சாய்வெட்டு. ஒரு பலகை நூல் பிசகினால் அடுத்தது அரை அங்குலம் பிசகும். சமையலறை மேடை கட்டிப் பேர் வாங்கிய ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டதை அம்மாள் பார்த்திருக்கிறார். கடைசிப் பலகைக்கும் ஃபெவிக்கால் தடவி, ஸ்க்ரூ முறுக்கி, கிளாம்ப் போட்டு, டீ குடிக்கும்போது ஆசாரி மெதுவாகக் கேட்டார்: "சார், மேசை மேல இருக்கே அந்த ஸ்பீக்கர், அதை எந்த வழியா உள்ள வைக்கிறது?"

பக்கவாட்டில் ஒரு கதவு வெட்ட வேண்டியதாயிற்று. அசல் கிளிப்ஷார்னிலும் அப்படி ஒரு கதவு உண்டு என்பதில் நம்மவருக்குப் பெருமை. அதை முதலிலேயே வரைந்திருந்தார்கள் என்பதை அவர் சொல்வதில்லை.

பெட்டியை மூலைக்குத் தள்ளினால் அது மூலையில் உட்காரவில்லை. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வெட்டிக் கொடுத்ததும் இன்னொரு உண்மை வெளிப்பட்டது. ஆசாரி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, "பொட்டி சரியாத்தான் இருக்கு சார். பில்டிங்தான் கோணல்" என்றார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தால் அடிச்சுருதி அதன் வழியே ஒழுகிப்போகும். ஒரு வாரம் நம்மவர் ரப்பர் பீடிங்கும் கத்தரிக்கோலுமாகச் சுவரோடு ஒட்டியே காணப்பட்டார். சரியான மூலைக்காக வீட்டையே மாற்றிவிடலாமா என்றும் ஒருநாள் கேட்டிருக்கிறார். அதற்கு அம்மாள் சொன்ன பதில் இந்தப் பத்திரிகைக்கு ஆகாது.

முதல் பாட்டு ஓடிய மாலை நானும் இருந்தேன். அறுபதுகளின் பாட்டு ஒன்று. போங்கோஸ் மூலையிலிருந்து எழுந்து வந்து ஹால் நடுவில் நின்றது. அடுத்து வைத்த கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வயிற்றில் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இத்தனை காலம் நாம் கேட்டது மிருதங்கத்தின் வலது பாதியைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாள், "கீழ் வீட்டுல மாவு அரைக்கிறாங்களா?" என்றார். பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஷோகேஸ்ல எவர்சில்வர் டம்ளரும் கூடப் பாடுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

நம்மவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "நானூறுக்கு மேல கேட்டீங்களா? மூக்கடைச்ச குரல்" என்றார். மடித்த கூம்பு அடிச்சுருதிக்கு மட்டும்தான் லாயக்கு. வளைவுகளில் நுண்ணிய சுருதிகள் மாட்டிக்கொள்ளும். அசல் கிளிப்ஷார்னும் நொடிக்கு 400 அதிர்வை ஒட்டிய இடத்தில் வேலையை வேறொரு கூம்பிடம் ஒப்படைக்கிறது. ஆகவே பெட்டியின் தலைமேல் நடுச்சுருதிக்கு ஒரு கூம்பு, அதற்கும் மேலே உச்சத்துக்கு ஒன்று. 'சின்னது' இப்போது ஷோகேஸை விட உயரம்.

அடுக்ககச் சங்கச் செயலாளர் ஒரு பத்திரிகைத் துணுக்கோடு வந்தார். திருவிழாக் காலத்தில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸ் அறிவிக்குமே, அந்தச் செய்தி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்ற 2000ஆம் ஆண்டு விதியையும் அடிக்கோடிட்டிருந்தார். நம்மவர் பதற்றப்படவில்லை. "அது தெருக்கூம்பு சார், இது வீட்டுக்கூம்பு. ஆம்ப்ளிஃபயரே மூணு வாட்தான்" என்றார். கிளிப்ஷார்ன் குடும்பத்துக்கு ஒரு வாட்டிலேயே 105 டெசிபல் கணக்குச் சொல்வார்கள் என்பதையும், சாதாரணப் பெட்டி அதை எட்ட ஐம்பது வாட் கேட்கும் என்பதையும் பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

அவர் இந்தப் பெட்டியில் இதுவரை ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை. பல்லவி முடிவதற்குள் எழுந்துபோய் பீடிங்கை அமுக்குவார், டிரைவரின் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார். அவர் மனைவிதான் உட்கார்ந்து முழுப் பாட்டும் கேட்கிறார். செய்கிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் உலகில் தனித்தனி ஜாதகம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார். அவசியம் போங்கள், மிருதங்கத்துக்காகவாவது. ஒற்றைத் தடப் பாட்டுகளாக எடுத்துப் போங்கள். "எல்லாம் பிரமாதம்" என்று மட்டும் சொன்னால் முகம் வாடிவிடும். "கீழ்ச்சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கணுமோ?" என்று இழுத்தால் ராத்திரிச் சாப்பாடு நிச்சயம். ஆனால் மறந்தும், "ஒண்ணே இப்படின்னா, ரெண்டு இருந்தா எப்படி இருக்கும்!" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அம்மாள் இன்னும் தையல் மிஷினில் துணி தைத்துக்கொண்டிருக்கிறார்.