சம்பந்தி குளித்துவிட்டு வந்தார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சம்பந்தி குளித்து முடித்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணி கொஞ்சம் கனமா இருக்குதுங்க." அவ்வளவுதான். கோயமுத்தூர்க்காரர், திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். இன்றைக்கு வியாழன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் சிறுவாணி குடித்து வளர்ந்தவர். சிறுவாணி குடித்து வளர்ந்தவர்கள் அதை நாம் கேட்கும்வரை காத்திருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். காரின் பின்சீட்டில் ஐந்து லிட்டர் கேன் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். கேட்டால், "மாத்திரை போட வேணுமல்லங்க." பத்து லிட்டருக்கு என்ன மாத்திரையோ! அந்தச் சிறுவாணி அணை இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில் என்பதை நான் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

உப்புத் தண்ணியைச் சமாளிக்க இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான வழியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. என் வீடு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் குரல் இறங்கிவிடும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் கொண்டுபோன ஊர். அதனால் 'தண்ணி' என்ற சொல்லை வைத்து வேறு ஊர்க்காரர்கள் அடிக்கும் ஜோக்கை இங்கே யாரும் அடிப்பதில்லை. நான் சொல்வது குழாயில் வருவதை மட்டும்.

இதில் எனக்குக் கூடுதல் அவமானம் ஒன்று உண்டு. நான் வேதியியல் வாத்தியார். முப்பத்தொரு வருஷம் 'நீரின் கடினத்தன்மை' நடத்தியவன். கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட் இருந்தால் தற்காலிகக் கடினத்தன்மை, கொதிக்க வைத்தால் போய்விடும். சல்பேட், குளோரைடு இருந்தால் நிரந்தரக் கடினத்தன்மை, சலவைச் சோடா போட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 'போய்விடும்' என்றால் எங்கே போகும் என்று ஒரு பையனும் கேட்டதில்லை. வாட்டர் ஹீட்டர் ராடுக்குப் போகும். எங்கள் வீட்டு ராடு இப்போது திருநீறு பூசிய சுரைக்காய் மாதிரி இருக்கிறது. "உங்ககிட்ட படிச்ச பசங்க எல்லாம் அஞ்சுக்கு அஞ்சு மார்க் வாங்கினாங்க. எனக்கு ஒரு கைப்பிடி நுரை வருதாங்க?" என்று மனைவி கேட்கிறாள். சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோய், மிச்சம் இருந்தால்தான் நுரைக்கும் என்று விளக்கினேன். "அப்ப அந்தக் கால்சியத்துக்கு நான் எதுக்கு சோப்பு வாங்கித் தரணும்?" என்றாள். பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். 'வேறு வழியே இல்லையென்றால்' என்று எழுதிய புண்ணியவான் எங்கள் தெருப் பக்கம் வந்துபோயிருப்பார் என்று நினைக்கிறேன். கல்வராயன் மலையில் பெய்யும் மழையில் சுண்ணாம்பு கிடையாது. அது மண்ணில் இறங்கி, கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறை இடுக்கில் கிடந்து கிடந்து கரைக்கிறதையெல்லாம் கரைத்துக்கொண்டு, ஐந்நூறு அடி ஆழத்திலிருந்து என் மோட்டாரில் ஏறி வருகிறது.

வந்து நேராக ஷவருக்குப் போகிறது.

ஷவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாங்கும்போது அதில் அறுபத்து நான்கு ஓட்டை. முதல் மாதம் சாரல் மாதிரி பெய்தது. மனைவி அதற்குப் பொட்டு வைக்காத குறை. இப்போது திறந்திருப்பது ஒன்பது. ஒன்பதும் ஒன்பது திசை. ஒன்று பின்சுவருக்கு. ஒன்று வென்டிலேட்டர் வழியாகப் பக்கத்து வீட்டு முருங்கைக்கு. ஒன்று குறி தவறாமல் சோப்பு டப்பாவுக்கு. நுரை வராத சோப்பு அங்கே மட்டும் கரையும். இரண்டு நடுவழியில் மோதிக்கொண்டு கீழே விழும். மூன்று கதவிடுக்கு வழியே வெளியே போய் மிதியடியைக் குளிப்பாட்டும். மிச்சம் ஒன்றுதான் எனக்கு. அது இடது காதில் விழும். வலது தோள் நனைய வேண்டுமென்றால் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஒரு காலை மடக்கி, குழாயைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். இந்த வயதில் யாரும் பார்க்காத இடத்தில் இப்படி ஓர் ஆசனம். ஞாயிறுதோறும் ஸ்டூல் போட்டு ஏறி ஊக்கால் குத்துவேன். மூன்று திறக்கும், மறுநாள் நான்கு அடைக்கும். ஒருதடவை எலுமிச்சைச் சாற்றைப் பாலிதீன் பையில் ஊற்றி, ஷவர் தலையில் ரப்பர் பேண்டு போட்டு ராத்திரி முழுக்கக் கட்டிவைத்தேன். அமிலத்தில் கார்பனேட் கரையும். நானே நடத்திய பாடம். காலையில் பை இருப்பதை மறந்து குழாயைத் திறந்தேன். அன்றைக்குப் பூராவும் பக்கத்தில் வந்தவர்களெல்லாம் வீட்டில் ஊறுகாய் போட்டீர்களா என்று கேட்டார்கள்.

சம்பந்திக்கு எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அது என் தப்புதான்.

ஆனால் அவர் மட்டும் யோக்கியமா? போன தையில் அவர் வீட்டில் குளித்தேன். ஒரு தேய்ப்புக்கு ஆள் உயர நுரை. மென்தண்ணியில் சோப்பு வரும், போகாது. பதினான்கு சொம்பு ஊற்றியும் உடம்பு விலாங்கு மாதிரி வழுக்கியது. அதை நான் அவரிடம் சொன்னேனா? இல்லை. "பிரமாதமுங்க" என்றேன். மரியாதை தெரிந்தவன்.

1841-இல் தாமஸ் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சுண்ணாம்பு இருக்கிற தண்ணியில் மேலும் சுண்ணாம்பு போட்டால் எல்லாம் சேர்ந்து அடியில் படிந்துவிடும் என்று காப்புரிமை வாங்கினார். உண்மைதான். நானும் ஒரு வாளியில் செய்துபார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்து, எந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறேன் என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் எதற்கும் தண்ணிதான் பதில். முடிதிருத்தகத்தில் என் உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி சார்" என்றார். என் அப்பாவுக்கும் இதே வழுக்கை. அவர் காலத்தில் போர்வெல் கிடையாது. பக்கத்து வீட்டில், "அண்ணே, இந்தத் தண்ணியில கல்லு வரும்ணே" என்று வாரம் ஒரு வாழைத்தண்டு தருகிறார்கள். கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி உலக சுகாதார நிறுவனம் எல்லை எதுவும் வைக்கவில்லை என்றேன். அதையும் தண்ணியால் வந்த பேச்சு என்றுதான் நினைத்திருப்பார்கள். தண்டு மட்டும் நிற்கவில்லை.

ஒரே ஒரு வழி என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். இரண்டு நாளாக நல்ல தண்ணி விடவில்லை. கேனும் தீர்ந்துபோய், இன்றைக்குப் போர் தண்ணியில்தான் சமையல். பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் துவரம்பருப்பு வேகாது. இது தெரியாமல் மளிகைக் கடைக்காரரோடு மூன்று வருஷம் பேச்சில்லாமல் இருந்தோம். இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். ஏழாவது விசில் வந்துவிட்டது. பருப்பு போட்டது போட்டபடி இருக்கிறதாம்.