வைஃபைக்கும் ஒரு பாடு

பழவேற்காட்டில் இன்டர்நெட் மெதுவாகிப்போனால் காரணம் சொல்ல நிபுணரைத் தேட வேண்டியதில்லை. லேப்டாப்போடு டீக்கடைக்குப் போனால் போதும். "மேல ராக்கெட் வுடப் போறாங்கல்ல, அதான்" என்பார் ஒருவர். "நம்ம டவர ஆந்திராக்காரன் இழுத்துக்கினான்" என்பார் இன்னொருவர். "உப்புக் காத்துப்பா" என்று மூன்றாமவர் தீர்ப்பெழுதி டீயை உறிஞ்சுவார். படகு மோட்டார் கிளம்பாததற்கும், மழை பெய்யாததற்கும், மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசாததற்கும்கூட எங்கள் ஊரில் இதே மூன்று காரணங்கள்தான்.

நான் நடுவூர் மாதாகுப்பத்தில் இருந்துகொண்டே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவன். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி பட்டியலை ஏற்றும்போது திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். கம்பெனியில் போய் "உப்புக் காத்து" என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்று குற்றவாளிகளையும் வரிசையாக விசாரித்தேன்.

முதலில் ராக்கெட். எங்கள் பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில்தான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. ராக்கெட் ஏறும் நாளில் எங்கள் படகுகளுக்குக் கடலில் தடை உண்டு. வைஃபைக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. சொல்லப்போனால் 2023 செப்டம்பர் 2 அன்று அங்கிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு சூரியனைப் பற்றிய தகவல்களை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக் கூடத்திலிருந்து திண்ணைக்குத்தான் எதுவும் வந்து சேர மாட்டேன் என்கிறது. விண்வெளி நிரபராதி.

அடுத்து ஆந்திரா. ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். படகில் வடக்கே கொஞ்சம் போனால் செல்போன் தெலுங்குக்காரர் வீட்டு மாப்பிள்ளையாகிவிடும், உண்மைதான். ஆனால் அது செல்போன் டவர் விவகாரம். என் வைஃபை கூடத்துப் பெட்டியிலிருந்து புறப்பட்டுத் திண்ணைக்கு வருவது. வழியில் மாநில எல்லை கிடையாது.

உப்புக் காற்றின் மேல் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கம்பி முனையில் பச்சை பூத்திருந்தது. துடைத்துவிட்டு, பெட்டியையும் லேப்டாப்பையும் கேபிளால் நேராக இணைத்தேன். கட்டிய காசுக்கு உண்டான வேகம் அப்படியே வந்தது! கஸ்டமர் கேரில் இதை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரே மந்திரம்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." கேபிளில் வேகமாகவும் காற்றில் மெதுவாகவும் வந்தால் லைன் மேல் குற்றமில்லை. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

வீட்டுக்குள் பார்த்தால் பெட்டி இரும்பு பீரோ மேல், மாதா படத்துக்குப் பின்னால், அம்மா பின்னிய பூவேலைத் துணியைப் போர்த்திக்கொண்டு பக்தியோடு இருந்தது. பெட்டிக்கும் திண்ணைக்கும் நடுவே ஃப்ரிட்ஜ், தண்ணீர் டிரம், தடித்த சுவர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சுடவைப்பதும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான். ஆக, மாதக் கணக்காக நான் டிரம் தண்ணீருக்கு இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "பொட்டிய எங்க வேணா வை, மாதாவ நகத்தாத" என்று அம்மா அனுமதி கொடுத்தார். பெட்டி ஜன்னலோரம் உயரத்துக்குப் போனது. லேப்டாப்பில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று வைஃபையை அரைத்தூக்கத்தில் வைத்திருந்த அமைப்பையும் எழுப்பிவிட்டேன். வேகம் திரும்பியது.

சாயங்காலம் மறுபடியும் படுத்துவிட்டது.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். தெருவே உள்ளே இருந்தது. பாஸ்வேர்டை அக்கா மகனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஆனால் எந்தப் பக்கம் இறால் விழுகிறது என்பதைக்கூட ஒரு பொழுது மறைத்து வைக்கலாம். குப்பத்தில் பாஸ்வேர்டை மறைக்க முடியாது. திண்ணையில் வலை பொத்துகிறவர்கள் முதல் பின்கட்டுக் கிணற்றடி வரைக்கும் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, பொட்டிய வச்சினு மொறச்சினு கீற?" என்றார் பெரியப்பா. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பழகிய குரல். விளக்கினேன்.

ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் தீவுக்குத் தீவு ரேடியோவால் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் பேசலாம், இரண்டு பேர் பேச்சு மோதினால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கணக்குப் போட்டால், அப்படிப் பேசுவதில் அதிகபட்சம் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகும். மிச்சமெல்லாம் மோதலும் மௌனமும். பின்னால் வந்த வைஃபை இன்னும் மரியாதை கற்றது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் ஒவ்வொரு கருவியும் மனசுக்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து கீழே எண்ணும். சின்ன எண் விழுந்தவருக்கு முதல் முறை.

"சீட்டு குலுக்கிப் போடுதா? அப்ப அது பாடுதான்" என்றார் பெரியப்பா.

எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் மூன்றும் ஏரியில் தலைமுறைகளாகக் கடைப்பிடிப்பது அதுதான். எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். இறால் கொட்டும் இடமும் வெறும் சேறு வரும் இடமும் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். ஹவாய்க்காரர்கள் ஒரு நடை பழவேற்காடு வந்திருந்தால் ஆராய்ச்சிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

"ஆனா ஒரு கோளாறு இருக்கு பெரிப்பா. முறை எல்லாருக்கும் சமம். தூரத்துல, சிக்னல் செத்த இடத்துல ஒரு பழைய போன் இருந்தா, பொட்டி அதுகிட்ட மெதுவாத்தான் பேசும். அது முடிக்கிற வரைக்கும் மத்தவங்க எல்லாம் காத்துக்கினு இருக்கணும்."

"யார்றா அவன், ஊரையே நிறுத்தி வைக்கிறவன்?"

பட்டியலைக் காட்டினேன். கிணற்றடி. பழைய போன். எம்ஜிஆர் பாட்டு. பெரியப்பா ஏரிப் பக்கம் திரும்பிக் காற்றின் திசையை ஆராய்ந்தார்.

பாஸ்வேர்டை மாற்றலாம் என்று வாயெடுத்தேன். திண்ணையில் வலை பொத்திய கைகள் நின்றன. அன்றே பஞ்சாயத்து கூடி அன்றே தீர்ப்பும் வந்தது. பெட்டியில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. முன்னது தூரம் போகும், நெரிசல் அதிகம். பின்னது வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். தூரம் போவது தெருவுக்கு. வேகமானது தனிப் பெயரில் எனக்கு, அதுவும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்.

"பெரிப்பா, பொட்டி என்னுது. பில்லு கட்றதும் நான்."

"ஏரி கவர்மென்ட்டுது" என்றார் பெரியப்பா. "பாடு யாரு வுடுறது?"