நம்பாத தம்பிக்கு நாலு வார்த்தை

வாடா தம்பி. உக்காரு. மூஞ்சி ஏன் தொங்கிப் போச்சு? ஆபீஸ்ல எல்லாரும் எந்நேரமும் சாமி பேச்சாவே இருக்காங்கன்னு சொல்ற. ஒனக்கோ நம்பிக்கை இல்ல. எப்பிடி சமாளிக்கிறதுன்னு கேக்குற. அடேங்கப்பா! கொள்ளிடம் கரை ஒடச்சுதா? சம்பளத்தப் புடிச்சானா? பக்கத்து சீட்டு அக்கா, "ஏகாதசிக்கு சொர்க்கவாசல் பாத்தியாப்பா"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதானே?

திருச்சியில பொறந்தவன் கேக்குற கேள்வியாடா இது? ஒரு நாளைக்கு ஜங்ஷன்லேருந்து ஒன்னாம் நம்பர் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பாரு. மலைக்கோட்டை உச்சியில பிள்ளையாரு. நடுவுல தாயுமானவரு. அடிவாரத்துல லூர்து மாதா. கொஞ்சம் தள்ளி நத்தர்வலி தர்கா. இந்தப் பக்கம் பாலக்கரையில சகாய மாதா, புதன்கிழமை ஆனா கூட்டம் தாங்காது. காவேரியைத் தாண்டுனா திருவானைக்காவல். அதையும் தாண்டுனா பள்ளிகொண்ட ரங்கநாதரு. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட சமயபுரத்தா. அவ ஜனங்களுக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கெடக்குறவ. இத்தனை பேருக்கு நடுவுல குடியிருந்துகிட்டு, ஒரு பேச்சும் காதுல விழக்கூடாதுன்னா எப்பிடி? காதுக்குப் பஞ்சு வாங்கிக்க.

ஒன்னு கேக்குறேன். "சாப்டியா"ன்னு கேக்குறவன் ஒன் வயித்துக்குள்ள ஆராய்ச்சியா பண்றான்? இந்த ஏகாதசிக் கேள்வியும் அதேதான். அந்த அக்கா ஒன் ஆத்துமாவைக் கரையேத்த வரல. மத்தியானம் தூக்கம் வருது, பேச்சுத்துணைக்கு ஆள் வேணும். "கூட்டம் எப்பிடிக்கா இருந்துச்சு? எத்தனை மணிக்கு நின்னீங்க?"ன்னு கேட்டுப் பாரு. வரிசையில யாரு காலை மிதிச்சா, எந்த மாமி இடையில நொழஞ்சான்னு அரை மணி நேரம் சொல்லும். அதுல சாமி அரை நிமிஷம்கூட வரமாட்டாரு. நீயோ உடனே பிரபஞ்சம் எப்பிடி உண்டாச்சுன்னு ஆரம்பிக்கிற. அதைக் கேக்கவா அது மோர்சாதத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு?

இன்னொன்னு. வைகுண்ட ஏகாதசிக்கு நம்ம ஜில்லாவுக்கு உள்ளூர் லீவு விடுறான். அன்னிக்கு நம்பாதவன் எவனாச்சும், "எனக்குக் கொள்கை இருக்கு, பள்ளிக்கூடத்தைத் தொறங்க, ஆபீஸைத் தொறங்க"ன்னு வாசல்ல நின்னு நான் பாத்ததில்ல. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறான். லீவு மட்டும் இனிக்குது, பேச்சு கசக்குதா?

"பெரியார் என்ன சொன்னாரு தெரியுமா தாத்தா"ன்னு ஆரம்பிச்சிராத. நீ போன்ல பாத்த பெரியாரு வேற, இந்த ஊரு பாத்த பெரியாரு வேற. புத்தூர் பெரியார் மாளிகைதான் அவருக்கு இன்னொரு வீடு. 1953 மே 27, சாயங்காலம், இதே திருச்சி டவுன் ஹால் மைதானத்துல பிள்ளையாரை ஒடச்சாரு. எந்தப் பிள்ளையாரை? மண்ணால செஞ்ச பிள்ளையாரை. எவன் வீட்டுப் பூஜை மாடத்துலயாவது கை வச்சாரா? கோயிலுக்குள்ள பூந்தாரா? முன்கூட்டியே நாள் குறிச்சு, கூட்டம் போட்டு, வந்தவனுக்கு முன்னாடி செஞ்சாரு. வராதவனை வான்னு கையைப் புடிச்சு இழுக்கல.

கேஸ் போட்டாங்க. மண் பொம்மை எப்பிடிப் புனிதப் பொருளாகும்னு மாஜிஸ்திரேட் தள்ளிட்டாரு. மேல போனாங்க, அங்கயும் தள்ளிட்டாங்க. கடைசியில 1958-ல சுப்ரீம் கோர்ட், "கீழ்க்கோர்ட்டுங்க சட்டத்தை ரொம்பக் குறுக்கிப் படிச்சிட்டீங்க. ஒரு கூட்டம் புனிதம்னு நெனைக்கிற எதையும் மட்டமா நெனைக்கப்படாது"ன்னு சொல்லிச்சு. ஆனாலும் இத்தனை வருஷம் கழிச்சு கேஸைத் திரும்பக் கிளறவேணாம்னு விட்டுருச்சு. கெட்டிக்கார கோர்ட்டு. ரெண்டு பக்கமும் ஜெயிச்ச மாதிரி வீட்டுக்குப் போனாங்க.

அதே மனுஷன் குன்றக்குடி மடத்துக்குப் போனப்ப, அடிகளார் விபூதி குடுத்தாராம். வாங்கி நெத்தியில வச்சுக்கிட்டாருன்னு அவரோட தொண்டனுங்களே சொல்லுவாங்க. கூட்டத்துல கடவுள் வாழ்த்துப் பாடுனா, எந்திரிக்க முடியாத வயசுலயும் ரெண்டு பேரு தோளைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிப்பாராம். ராஜாஜி யாரு? ராமாயணமும் மகாபாரதமும் எழுதுன பக்திமான். பின்னாள்ல ரெண்டு பேருக்கும் அரசியல்ல ஒத்துப்போகல. 1972 டிசம்பர்ல ராஜாஜி போனப்ப, சக்கர நாற்காலியில சுடுகாட்டுக்கு வந்து கொழந்தையாட்டம் அழுதது இந்தக் கடவுள் இல்லேன்னவருதான். நீ என்னடான்னா, கம்ப்யூட்டருக்கு சந்தனம் வச்சான்னு ரெண்டு நாளா ஒருத்தன்கூட பேசல. அவரை விடப் பெரிய பகுத்தறிவாளன் ஆயிட்டியோ?

ஸ்ரீரங்கத்துல ராஜகோபுரத்துக்கு எதுக்க பெரியாரு சிலை இருக்கே, அங்க போய் ஒரு சாயங்காலம் நில்லு. 2006 டிசம்பர்ல அதை வைக்கிறப்ப என்னா கூத்து! தொறக்கறதுக்கு முன்னாடியே ராத்திரியோட ராத்திரியா எவனோ ஒடச்சான். ஊரெல்லாம் கலாட்டா. வேற சிலை வச்சாங்க. இன்னிக்கு? கோபுரம் 236 அடி, பதிமூணு நிலை, அது பாட்டுக்கு நிக்குது. தாடிக்காரரு அவரு பாட்டுக்கு இருக்காரு. நடுவுல பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு. சாமி கும்பிட்டு வர்றவங்க அந்தப் பக்கமாத்தான் ஆட்டோவுக்கு பேரம் பேசுறாங்க. சிலையைப் பாத்து எவனுக்கும் நம்பிக்கை போகல. கோபுரத்தைப் பாத்து சிலைக்கும் வந்தபாடில்ல. கல்லும் வெண்கலமும் பழகிக்கிச்சு. ஒனக்கு மட்டும் என்னடா?

நம்புறவங்க எல்லாம் ஒரே கட்சின்னு நெனச்சு பயப்படாத. காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பாரு. ஒரே பெருமாள், ஒரே கோயில். வடகலையா தென்கலையான்னு நூறு வருஷத்துக்கு மேல கோர்ட்டுப் படி ஏறுறாங்க. ஒங்க ஆபீஸ்லயும் அப்பிடித்தான். சாம்பாருல வெங்காயம் போடலாமா கூடாதான்னு சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் சண்டை நடக்கும். நடுவுல நீ தலையக் குடுத்தா, ரெண்டு பேரும் ஒன்னா சேந்து ஒன்னைய மொத்துவாங்க. ஒத்துமை வேணும்னா தாராளமா போய்க் குடு.

நம்ம மணிமேகலை இருக்காளே, அவளைப் பாரு. வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயக்காரனா வரிசையில நிக்கிறான். வேதவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி. ஒவ்வொருத்தனும் தன் சரக்கைக் கொட்டுறான். அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே போவுது. சட்டையைப் புடிச்சு எவன்கூடயும் மல்லுக்கட்டல. கடைசியில ஒருத்தன் வர்றான், பூதவாதி. கண்ணால கண்டதைத்தவிர எதையும் ஒத்துக்கமாட்டான். அதாவது ஒன்னாட்டம் ஒருத்தன். அவனைப் பாத்துத்தான் அவ சிரிச்சா! "ஒங்கப்பன் ஆத்தாளை எப்பிடிய்யா அறிஞ்சே, ஊகத்துலதானே?"ன்னு ஒரு போடு போட்டா. ஆக, வாயைக் குடுத்து மாட்டுன ஒரே ஆளு நம்பாதவன்தான். இதைச் சொல்லி வைக்கிறேன், ஒனக்கு ஒதவும்.

இப்ப ஒங்க காலத்துக் கூத்துக்கு வருவோம். வாட்ஸப் குரூப்பு வச்சிருக்கீங்க. பேரு "டீம் லஞ்ச்". விடியக்காலையில சனிப்பெயர்ச்சிப் பலன் வருது. பதினோரு பேருக்கு அனுப்புனா நல்ல சேதி வரும், அனுப்பாட்டி கஷ்டம் வரும்னு மெரட்டுறான். நீ என்ன பண்ணுன? ரெண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதி, அடிக்குறிப்பு போட்டு, பதினோரு பேருக்கும் அனுப்பிச்ச. அவனுக்கும் ஒனக்கும் என்னடா வித்தியாசம்? சத்தத்தை அமுக்கி வைக்க ஒரு பட்டன் இருக்குன்னு என் பேத்தி காட்டுனா. பட்டனை அமுக்கு. குரூப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போகாத.

அப்புறம் அந்தப் பயிற்சி வகுப்பு. பல சமயத்தவரும் ஒன்னா வேலை பாக்குறது எப்பிடின்னு கோட்டு போட்டவன் வந்து பாடம் எடுத்தானாமே, குளுகுளு அறையில? எங்க மில்லுல இதை எவனும் படம் போட்டுக் காட்டல. நான் மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுல கணக்கு எழுதுனவன். எங்ககூட கறுப்புச் சட்டைக் கணக்கப்புள்ள ஒருத்தரு இருந்தாரு. ஏகாதசி ராத்திரி ஆனா எல்லாப் பயலும் ஸ்ரீரங்கத்துக்குக் கெளம்பிருவான். லாரி லோடு ஏத்த ஆளிருக்காது. "போங்கய்யா, நான் பாத்துக்கறேன்"னு அவரு ஒக்காந்துக்குவாரு. வருஷா வருஷம் அந்த ராத்திரி அவருதுதான். பதிலுக்கு அவரு கூட்டம் மாநாடுன்னு கெளம்புனா ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். அவரு பொண்ணுக்கு சுயமரியாதைக் கல்யாணம். 1967-லயே அண்ணா சட்டம் போட்டு செல்லும்னு ஆக்கிட்டாரே, அந்தக் கல்யாணம். ஐயரில்ல, அக்கினியில்ல. மொதலாளி பட்டையா நாமம் போட்டுக்கிட்டு வந்து மேடையில மாலை எடுத்துக் குடுத்தாரு. யாரும் யாரையும் மாத்தல. சாப்பாடு நல்லா இருந்துச்சு.

வேதப் புஸ்தகத்துத் துண்டுச்சீட்டு குடுக்குறானே அந்தத் தம்பி, அவன் குடுத்தா வாங்கி மடிச்சு வச்சுக்க. "ஒங்களுக்காக ஜெபம் பண்றேன்"னா பண்ணிட்டுப் போறான். ஒன் பி.எப்.லேருந்தா கழிக்கப் போறான்? நோன்புக் கஞ்சி வந்தா ரெண்டாவது டம்ளரும் கேளு. ஒங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கப்ப, "வேண்டிக்கிறேன்பா"ன்னு ஒரு அக்கா சொன்னதுக்குக் கோவம் வந்துச்சுன்னியே, அங்கதான் நீ வெவரம் கெட்டவன். "ரொம்ப நன்றிக்கா, அப்பிடியே சாயங்காலம் ஒரு தூக்குல ரசஞ்சாதம் கொண்டாந்துருங்க"ன்னு சொல்லியிருக்கணும். கொண்டாந்திருக்கும். ரத்தம் வேணும்னா ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கும்.

ஆனா ஒன்னு, எல்லாத்துக்கும் பல்லைக் காட்டுன்னு நான் சொல்லல. பேச்சு வேற, நெருக்கடி வேற. மேலதிகாரி கூப்புட்டு, "பூஜையில நின்னாத்தான் நீ நம்ம ஆளு"ன்னாலோ, கேக்காம சந்தாவுக்குப் பேரு எழுதுனாலோ, ஒரு தடவை வேணாம்னு சொன்ன பெறகும் ஒருத்தன் தெனமும் மதம் மாத்த வந்து நின்னாலோ, அங்க சிரிக்காத. இந்த நாட்டு அரசியல் சட்டம் இருபத்தஞ்சாவது பிரிவுல மனசாட்சிச் சுதந்திரம் குடுத்திருக்கு. கும்பிடுறவனுக்கு மட்டுமில்ல, கும்பிடாதவனுக்கும் சேத்துத்தான். 1968-லயே அண்ணா ஆட்சியில, அரசாங்க ஆபீஸ்ல சாமி படம் வைக்காதேன்னு உத்தரவு போட்டாங்க. எத்தனை ஆபீஸ்ல எறக்குனாங்கன்னு நீயே போய்ப் பாத்துக்க. சட்டம் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்க. தெனமும் அதை எடுத்து ஆட்டாத.

சொல்ல வேண்டியதை மொத வாரமே சொல்லிரணும். மூணு வருஷம் நெத்தியில வாங்கிப் பூசிக்கிட்டு, நாலாவது வருஷம் திடீர்னு, "இத்தனை நாளா என்னைக் கொடுமைப்படுத்துனீங்க"ன்னு அழுதா எவன் ஒத்துக்குவான்? "எனக்கு அதுல பழக்கமில்லீங்க. நீங்க போயிட்டு வாங்க, வேலைய நான் பாக்குறேன்." முடிஞ்சுது. காரணம் சொல்லாத. காரணம் சொன்னா பதில் வரும், பதிலுக்குப் பதில் போவும், அஞ்சு மணி பஸ்ஸை விட்டுருவ. மறுபடியும் வந்தா அதே வாக்கியத்தை அதே மொகத்தோட சொல்லு. மூணாவது தடவைன்னா தனியா கூட்டிட்டுப் போய்ச் சொல்லு, நாலு பேரு நடுவுல மானத்தை வாங்காத. அதுக்கும் அடங்கலேன்னா எழுதிக் குடு. அதுக்குத்தானே மனிதவளம்னு ஒரு பிரிவு வச்சு சம்பளம் குடுக்குறாங்க.

என்னைப் பாத்து, "தாத்தா, நீங்க நம்புறீங்களா இல்லியா"ன்னு மட்டும் கேக்காத. நான் ஒன்னைய எப்பவாச்சும் கேட்டனா?

ஆயுத பூஜைன்னு ஒன்னு வரும். ஒங்க ஆபீஸ்லயும் பிரிண்டருக்குப் பொட்டு வப்பாங்க. குங்குமத் தட்டு வரும், பின்னாடியே பொரிகடலைத் தட்டு வரும். மொதத் தட்டுக்குக் கையெடுத்து ஒரு கும்புடு போட்டு அனுப்பிரு. ரெண்டாவது தட்டு வரப்ப ரெண்டு கையையும் நீட்டு. வெல்லம் கலந்திருந்தா எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டா.