மூஷிக சேதமும் செலவேற்கும் கடப்பாடும்: ஓர் ஆய்வு

காரின் பானட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்து வைத்தால் அந்தச் செலவு யாருடையது? அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கு எழும் இந்த வினாவை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எதிரியின் தரப்பு. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கு வாயை மூட முடியாது. சூடு ஆறாத எஞ்சின் குளிருக்கு இதம். ஒயரோ பல்லுக்குப் பதம். ஆகவே இது பல் பராமரிப்பே தவிர, கெட்ட எண்ணம் அல்ல.

எலியைக் கோர்ட்டுக்கு இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ஓத்தான் நகரில், பார்லிப் பயிரைத் தின்ற எலிகளுக்குத் திருச்சபை நீதிமன்றம் சம்மன் அனுப்பியதாம். எலிகளின் வக்கீல் பார்த்தலெமி த ஷாசனே. கட்சிக்காரர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பதால் ஒரே சம்மன் செல்லாது என்று முதலில் வாதிட்டார். பிறகு, வழியெல்லாம் பூனைகள் இருப்பதால் அவர்கள் உயிருக்கு அஞ்சி வரவில்லை என்றார். எலியிடம் வசூல் நடக்காது என்பது அன்றே தெளிவாயிற்று.

அடுத்தது, காரைச் செய்தவர். ஒயரின் மேலுறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி வருகிறது என்று 2016-இல் கலிஃபோர்னியாவில் டொயோட்டா மீது வழக்குத் தொடுத்தார்கள். சோயாவுக்காக எலி வருவதற்கு அறிவியல் சான்று இல்லை, எல்லா கம்பெனி காரையும்தான் எலி கடிக்கிறது என்பது டொயோட்டாவின் பதில். ஹோண்டாவோ மிளகாய்க் காரம் ஏற்றிய ஒயர் டேப்பையே விற்கிறது. அதில் எலிப்படமும் அச்சிட்டிருக்கிறார்கள். படம் எலிக்கா, மெக்கானிக்குக்கா என்பது தனி ஆய்வுக்குரியது. நம்மூர் மரபில் அதே வேலையைப் புகையிலை செய்கிறது.

மிஞ்சியது இன்ஷூரன்ஸ். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது தேர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும்தான். அதில் சொந்தக் காரின் ஒயருக்கு இடமே இல்லை. ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று நாம் சொல்லும் பாலிசியிலும் எலி பெயர் சொல்லி வராது. ‘வெளிக்காரணத்தால் நேர்ந்த விபத்து’ என்ற வரியின் கீழ் அதை நுழைக்க வேண்டும். பானட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் எலி வெளியா, உள்ளா என்பது வேதாந்த விசாரம். கடிபட்ட ஒயருக்குப் பணம் கிடைத்தாலும், அதன் விளைவாகப் பின்னால் பழுதாகும் பாகத்துக்குக் கை விரித்துவிடுவார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பதும் உண்டு. ‘பம்பர் டு பம்பர்’ எடுத்தவர்கள் மட்டும் இதிலிருந்து தப்பலாம். சிறிய காரானாலும் முதல் 1,000 ரூபாய் உரிமையாளர் தலையில்.

உண்மையான கடி இனிமேல்தான். ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு சொந்தச் சேத பிரீமியத்தில் 50% போனஸ் தள்ளுபடி. எலிக்காக ஒருமுறை கை நீட்டினால் அது பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறித்தான் பழைய 50-க்கு வரும். பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டில் இழக்கும் தள்ளுபடி வரிசையாக 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் சரியாக 10,000 ரூபாய்! எலி தின்றது 6,000 ரூபாய் ஒயர்தான் என்றால் கிளெய்ம் எலியைவிடப் பெரிய சேதம்.

எனவே இவ்வாய்வின் முடிவு: சில்லறைக் கடிக்கு உரிமையாளரே பொறுப்பு, கைக்காசைக் கொடுத்துவிடுவதே லாபம். முழு ஒயரிங்கும் போய்விட்டதென்றால் மட்டும், மெக்கானிக் கை வைப்பதற்குள் படம் எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் வரும்வரை வண்டியை அப்படியே விட்டுவையுங்கள்.